சவலைப் பிள்ளைகளும் ராத்திரி இரண்டு மணிப் பாலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜார்கண்ட் மாநிலம் மேற்கு சிங்பூம் மாவட்டத்தில், சாரண்டா காட்டை ஒட்டிய ஒரு சின்ன மிஷன் கிளினிக்கில் ஒன்பது வருடமாக நர்ஸாக இருக்கிறேன். படிப்பு முடிந்ததும் இரண்டு வருடம் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்க்க வேண்டும் என்ற ஒப்பந்தத்தில் வந்தவள். இரண்டு வருடம் முடிந்த பிறகும் திரும்பிப் போக மனம் வரவில்லை. எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஹோ பழங்குடி மக்கள். பத்துக் கட்டில் உள்ள வார்டில் பாதிக்கு மேல் எப்போதும் மெலிந்த குழந்தைகள்தான். லீவில் திருநெல்வேலிப் பக்கம் வரும்போதெல்லாம் சர்ச்சிலும் கல்யாண வீட்டிலும் ரயிலிலும் என்னிடம் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான், அதனால் இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கீழே வரும் அளவுகள் எல்லாம் எங்கள் வேலையைப் புரிந்துகொள்வதற்காக. இதைப் பார்த்து யாரும் வீட்டில் வைத்தியம் செய்யக் கூடாது.

எங்க வீட்டுப் பிள்ளையும் ஒல்லிதான். அதுவும் இதில் சேருமா?

அநேகமாகச் சேராது. ஓடி விளையாடிக்கொண்டு, சாப்பாட்டுக்கு அடம்பிடித்துக்கொண்டு, தன் போக்கில் எடை கூடிக்கொண்டு இருக்கிற ஒல்லிப் பிள்ளை வேறு, நாங்கள் பார்ப்பது வேறு. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைக்கு மூன்று அடையாளங்கள் வைத்திருக்கிறார்கள், அதில் ஒன்று இருந்தாலே கடும் ஊட்டச்சத்துக் குறைவு என்று எடுத்துக்கொள்வோம். உயரத்துக்கு இருக்க வேண்டிய எடை மிகவும் குறைந்திருப்பது ஒன்று. இடது மேற்கையின் நடுவில் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருப்பது இன்னொன்று. இரண்டு பாதங்களிலும் நீர் கோத்த வீக்கம் மூன்றாவது.

கையை அளக்க ஒரு நாடா இருக்கிறது, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் போட்டது. கிராமத்தில் சஹியா (நம் ஊரில் ஆஷா என்று சொல்கிறவர்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) அதைப் பையில் வைத்துக்கொண்டே சுற்றுவார். அந்தச் சின்ன நாடாவில் எனக்கு நிறைய மரியாதை உண்டு. தராசு வேண்டாம், அட்டவணை வேண்டாம், எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவே தன் பிள்ளைக்கு அளந்து சிவப்பா பச்சையா என்று பார்த்துவிடலாம்.

கன்னம் உப்பி, கால் கொழுகொழுவென்று இருக்கிற குழந்தையைப் போய் ஏன் சேர்த்திருக்கிறீர்கள்?

பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது இதைத்தான். அந்தக் குழந்தையின் பாதத்தில் கட்டை விரலால் மூன்று விநாடி அழுத்திவிட்டு எடுத்துப் பாருங்கள். பிசைந்த மாவில் விரல் வைத்தது மாதிரி குழி அப்படியே நிற்கும். அது சதை இல்லை, நீர். முடி செம்பட்டையாகி, தொட்டாலே கையோடு வரும். தோல் சில இடங்களில் கறுத்து, பழைய சுவரில் பெயிண்ட் உரிவது போல உரியும். முகத்தில் ஒரு வெறுப்பு. தூக்கினால் முனகும், விட்டாலும் முனகும்.

இதற்கு மருத்துவத்தில் குவாஷியோர்கர் என்று பெயர். சிசிலி வில்லியம்ஸ் என்ற டாக்டர் அன்றைய கோல்டு கோஸ்ட்டில், அதாவது இன்றைய கானாவில் வேலை பார்த்தபோது, அங்குள்ள கா மொழியில் தாய்மார்கள் சொன்ன சொல்லையே எடுத்து 1935இல் லான்செட் இதழில் எழுதினார். அடுத்த குழந்தை வந்ததும் மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்று அதற்குப் பொருள். முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, ஏனென்றால் நமக்கு இதே பொருளில் ஒரு சொல் காலங்காலமாக இருக்கிறது: சவலை. தாய் மறுபடி உண்டாகி, முலைப்பால் நின்றுபோய் நலிந்த பிள்ளையைத்தான் எங்கள் ஆச்சி சவலைப் பிள்ளை என்பாள். எங்கோ ஆப்பிரிக்காவில் ஒரு தாய் கண்டதை நம் கிழவிகளும் கண்டிருக்கிறார்கள். பால் நின்றது மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது, இந்த வீக்கம் ஏன் சில குழந்தைகளுக்கு மட்டும் வருகிறது என்று இன்றும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கிழவிகளின் கண் தப்பான கண் இல்லை.

பட்டினியாக இருந்த பிள்ளைக்கு வயிறாரச் சாப்பாடு போட வேண்டியதுதானே?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன் என்றே சொல்லலாம்.

நான் வந்த முதல் வருடம். ஒன்றரை வயதுப் பையன், எலும்பும் தோலும், ஆனால் கண்ணில் அப்படி ஒரு பசி. இரண்டாவது நாள் சாயங்காலம் அவன் மாமா மலையிலிருந்து நடந்து வந்தார். வரும் வழியில் கடையில் வாங்கிய சோறும் பருப்பும், ஒரு பாட்டில் மாம்பழச் சாறும் கொண்டுவந்தார். பையன் இரண்டு கையாலும் அள்ளிச் சாப்பிட்டான். அவன் அம்மா சிரித்தாள், மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார், வாசலில் நின்று பார்த்த நானும் சிரித்தேன். தடுக்கவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு மூச்சு வேகமாக வாங்க ஆரம்பித்தது, நாடி எகிறியது, கால் வீங்கியது. விடியும்போது அவன் இல்லை.

உள்ளே நடப்பது இதுதான். பல வாரம் பட்டினி கிடந்த உடம்பு, வருமானம் நின்ற வீடு மாதிரி ஒவ்வொரு செலவாகக் குறைத்துக்கொண்டே வந்திருக்கும். இதயத்தின் தசையே மெலிந்திருக்கும், சிறுநீரகம் மெதுவாக வேலை செய்யும், செல்களுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியேறி, வெளியே இருக்க வேண்டிய சோடியம் உள்ளே போயிருக்கும். அந்த நேரத்தில் திடீரென்று நிறைய மாவும் சர்க்கரையும் உள்ளே போனால் இன்சுலின் பொங்கும், ரத்தத்தில் மீதியிருக்கிற பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் செல்கள் உறிஞ்சிக்கொள்ளும், பலவீனமான இதயம் தாங்காமல் நின்றுபோகும். 1945இல் பெர்கன்-பெல்சன் முகாமை மீட்ட ராணுவத்தினர் கையில் இருந்த உணவை இரக்கப்பட்டுக் கொடுத்தார்கள், சாப்பிட்டவர்களில் பலர் அதனாலேயே இறந்தார்கள். பிறகு 1943 வங்காளப் பஞ்சத்தில் பயன்படுத்திய ஒரு சர்க்கரைக் கலவையைக்கூட அங்கே கொண்டுபோய்க் கொடுத்துப் பார்த்தார்கள், அளவுக்கு மீறித் தித்தித்ததால் பலரால் அதைக் குடிக்க முடியவில்லை.

அதனால்தான் எங்கள் வார்டில் முதல் சில நாட்கள் யார் கொண்டுவந்தாலும், எவ்வளவு அன்போடு கொண்டுவந்தாலும், வெளிச் சாப்பாடு வாசலோடு நின்றுவிடும். இப்போது நானே வாசலில் நின்று அதை வாங்கி, அம்மாவுக்குக் கொடுத்துவிடுவேன். அவளும் பசியோடுதான் வந்திருப்பாள்.

அப்படியென்றால் என்னதான் கொடுப்பீர்கள்?

முதலில் எஃப்-75 என்கிற நீர்த்த பால், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. 100 மில்லியில் 75 கலோரி, புரதம் ஒரு கிராமுக்கும் குறைவு. பாக்கெட் பொடி கிடைக்காதபோது நாங்களே காய்ச்சுவோம்: 300 மில்லி பால், 100 கிராம் சர்க்கரை, 20 கிராம் எண்ணெய், தாது உப்புக் கரைசல், ஒரு லிட்டருக்கு மீதி காய்ச்சி ஆறிய தண்ணீர். இதில் எடை கூடாது. கூடவும் கூடாது. முதல் வாரத்தில் வீக்கம் வடிந்து எடை குறைந்தால் "பிள்ளை இளைச்சுப் போச்சே" என்று அம்மா அழுவாள், நாங்கள் உள்ளுக்குள் சந்தோஷப்படுவோம்.

வீக்கம் வடிந்து, பசி திரும்பி, கிண்ணத்தைப் பார்த்ததும் குழந்தை கை நீட்டுகிறது என்றால் மெல்ல எஃப்-100க்கு மாறுவோம். அதில் பால் 880 மில்லி, சர்க்கரை 75 கிராம், எண்ணெய் அதே 20 கிராம். இங்கேதான் எடை ஏறும். ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 10 கிராம் ஏறினால் நன்றாகத் தேறுகிறது என்று அர்த்தம், 5க்குக் கீழே என்றால் ஏதோ தப்பு, காசநோயா, மலேரியாவா, அளவு தவறுகிறதா என்று தேட ஆரம்பிப்போம். அப்புறம் ராகி (இங்கே மடுவா), சத்துமாவு, முட்டை, பருப்பு போட்ட சோறு. ஹோ மொழியில் சோற்றுக்கு மண்டி என்று பெயர். ஒரு குழந்தை முதல் தடவையாக "மண்டி" என்று கேட்டு அழுதால் வார்டு முழுக்கச் செய்தி பரவிவிடும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையா? ராத்திரியுமா?

ராத்திரிதான் முக்கியம். இந்தக் குழந்தைகளின் ஈரலில் சேமிப்பு எதுவும் இல்லை. நான்கைந்து மணி நேரம் வயிறு காய்ந்தால் ரத்தச் சர்க்கரை 54க்குக் கீழே போய்விடும், உடனே உடம்பும் குளிர்ந்துவிடும், சத்தமே இல்லாமல் தூக்கத்திலேயே போய்விடும். பழைய ஆஸ்பத்திரிப் பதிவுகளில் விடியற்காலையில் இறந்த குழந்தைகளில் எத்தனை பேர் இப்படிப் போயிருப்பார்கள் என்று நினைத்துப் பார்ப்பேன்.

ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். பதினான்கு மாதக் குழந்தை, 4.6 கிலோ. ஒரு கிலோவுக்கு 11 மில்லி என்று கணக்கு, ஆக ஒரு வேளைக்கு 50 மில்லி. இரண்டு மணிக்குக் கரண்ட் இல்லை. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு சிரிஞ்சில் அளந்து கிண்ணத்தில் ஊற்றி, அம்மாவைத் தட்டி எழுப்பி, முதலில் தாய்ப்பால் கொடுக்கச் சொல்லி, அப்புறம் பாலாடையால் கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். (நம் ஊர்ப் பாலாடைதான். இங்கே புட்டி நுழைய விடுவதில்லை, கழுவுவது கடினம், வயிற்றுப்போக்கைத்தான் கொண்டுவரும்.) ஒரு வாய் விழுங்கும், இரண்டு வாய் வழியும். அந்த 50 மில்லியை முடிக்க நாற்பது நிமிஷம். எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு துப்பியது என்று சார்ட்டில் எழுத வேண்டும். அதற்குள் அடுத்த கட்டில். ஐந்தாவது கட்டில் முடியும்போது முதல் கட்டிலுக்கு மறுபடி மணி நான்கு. கொடுத்ததில் 80 சதவீதத்துக்குக் குறைவாகவே இரண்டு மூன்று வேளை தொடர்ந்து குடித்தால் மூக்குக் குழாய் போட்டுவிடுவோம். குழாயைப் பார்த்து அம்மாக்கள் பயப்படுவார்கள், நான்கு நாளில் எடுத்துவிடுவோம் என்று சொல்லிப் பக்கத்துக் கட்டில் அம்மாவைப் பேச விடுவோம், நாங்கள் பேசுவதைவிட அது வேலை செய்யும்.

டிரிப் ஏற்றிவிட்டால் சீக்கிரம் தேறாதா?

காய்ச்சல் என்றாலே "ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க டாக்டர்" என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். இங்கே டிரிப் ஆபத்து. அந்த மெலிந்த இதயத்தால் அவ்வளவு நீரைத் தள்ள முடியாது, நுரையீரலில் தேங்கிவிடும். குழந்தை அதிர்ச்சி நிலையில் சில்லிட்டு, நினைவு மங்கிக் கிடந்தால் மட்டும்தான் நரம்பு வழி நீர், அதுவும் பக்கத்திலேயே நின்று மூச்சையும் நாடியையும் எண்ணிக்கொண்டு.

இன்னொரு சிக்கல், நீர்ச்சத்து இழந்ததற்கு நாம் பார்க்கும் அடையாளங்கள் இந்தக் குழந்தைகளிடம் பொய் சொல்லும். கண் குழி விழுந்திருப்பதும், தோலைக் கிள்ளினால் மடிப்பு அப்படியே நிற்பதும் கொழுப்பு கரைந்ததாலேயே இருக்கும். வழியில் ஓரிடத்தில் அதைப் பார்த்து அவசரமாக இரண்டு பாட்டில் ஏற்றி அனுப்பிய குழந்தை எங்களிடம் மூச்சுத் திணறலோடு வந்து சேர்ந்திருக்கிறது. வயிற்றுப்போக்கு இருந்தால், உப்பு குறைந்த, பொட்டாசியம் கூடிய தனிக் கரைசலை வாய் வழியாகவே மெதுவாகக் கொடுப்போம்.

காய்ச்சலே இல்லை, ஏன் ஆன்டிபயாடிக்? ரத்தம் இல்லை என்கிறீர்கள், ஏன் இரும்புச்சத்து டானிக் இல்லை?

காய்ச்சல் வரவும் உடம்பில் தெம்பு வேண்டும். நிமோனியா இருந்தும் இந்தக் குழந்தைகள் சில்லென்று கிடப்பார்கள். அதனால் உள்நோயாளியாகச் சேர்க்கிற எல்லாக் குழந்தைக்கும் தொற்று இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு மருந்து ஆரம்பிப்போம். மலேரியாப் பரிசோதனை கட்டாயம், இது மலேரியாக் காடு. இரும்புச்சத்தை முதல் வாரம் தொடமாட்டோம், அது கிருமிக்கும் தீனி, உடம்புக்கும் அப்போது தாங்காது. எடை ஏறத் தொடங்கிய பிறகு கொடுப்போம்.

இவ்வளவும் யார் வகுத்த முறை? உங்கள் மிஷன் முறையா?

இல்லை, இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட கையேட்டில் உள்ள பத்துப் படிகள்தான் அடிப்படை. இந்திய அரசும் 2011இல் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையங்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது, ஜார்கண்டில் அந்த மையத்தைக் குபோஷண் உப்சார் கேந்திரா என்பார்கள். 1996இல் வந்த ஒரு ஆய்வு, அதற்கு முந்தைய ஐம்பது வருடங்களாக உலகெங்கும் ஆஸ்பத்திரியில் சேர்த்த இந்தக் குழந்தைகளில் 20 முதல் 30 சதவீதம் பேர் இறந்துகொண்டே இருந்ததையும், தவறான சிகிச்சை அதற்கு ஒரு பெரிய காரணம் என்பதையும் எடுத்துக் காட்டியது. முறைப்படி செய்தால் அதை 5 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர முடியும் என்பதுதான் இலக்கு. பெரிய இயந்திரம் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. பால், சர்க்கரை, எண்ணெய், கடிகாரம், விழித்திருக்க ஆட்கள்.

எல்லாக் குழந்தையையும் சேர்க்க வேண்டுமா?

வேண்டாம். பசி நன்றாக இருந்து, வேறு சிக்கல் எதுவும் இல்லாத குழந்தை வீட்டிலிருந்தே தேறலாம். உலகத்தில் பல இடங்களில் அதற்கு வேர்க்கடலை, பால்பொடி, சர்க்கரை, எண்ணெய், சத்துக்கள் சேர்த்த ஒரு பசை கொடுக்கிறார்கள். 1996இல் பிரான்சைச் சேர்ந்த ஆந்த்ரே பிரியான் என்ற குழந்தை மருத்துவரும் மிஷெல் லெஸ்கானும் உருவாக்கியது. 92 கிராம் பாக்கெட்டில் 500 கலோரி. தண்ணீர் சேர்க்க வேண்டாம், அதனால் கிருமியும் வளராது. இந்தியாவில் இதைப் பற்றி நீண்ட சண்டை உண்டு, பாக்கெட் வந்தால் வீட்டுச் சாப்பாடு போய்விடும், கம்பெனிகள் நுழைந்துவிடும் என்ற பயம். பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் என் எண்ணம், சாகக் கிடக்கிற பிள்ளைக்கு அது மருந்து. மருந்தை மருந்தாக ஆறு, எட்டு வாரம் கொடுப்பதில் தப்பில்லை. பசியே இல்லாத குழந்தை, வீக்கம் அதிகமுள்ள குழந்தை, ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தை, இவர்களைச் சேர்த்தே ஆக வேண்டும்.

ஆறு மாதத்துக்குள் என்றால் தாய்ப்பால்தானே, எப்படி மெலியும்?

தாய்க்கே இல்லாதபோது, அல்லது குழந்தை உறிஞ்சத் தெம்பில்லாமல் போகும்போது. அதற்கு ஒரு அழகான முறை இருக்கிறது. மெல்லிய குழாயின் ஒரு முனையைப் பால் கிண்ணத்தில் போட்டு, மறுமுனையை அம்மாவின் காம்போடு சேர்த்துப் பிடித்துக் குழந்தையை விடுவோம். உறிஞ்சினால் கிண்ணத்துப் பால் வரும், குழந்தைக்கு உற்சாகம். உறிஞ்ச உறிஞ்ச அம்மாவுக்கும் பால் சுரக்கும். கிண்ணத்தை மெல்ல மெல்லக் கீழே இறக்கிக் குழந்தையை அதிகம் உழைக்க வைப்போம். ஒரு நாள் கிண்ணம் தீராமல் அப்படியே இருக்கும், குழந்தை வயிறு நிறைந்து தூங்கியிருக்கும். அந்த அம்மா கிண்ணத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பெற்றவள் கவனிக்காமல்தானே இந்த நிலைமைக்கு வந்தது?

இந்தக் கேள்வி எனக்குக் கோபம் வரவைக்கும், ஆனாலும் பொறுமையாகச் சொல்கிறேன். கணவன் அறுவடை முடிந்ததும் செங்கல் சூளைக்குப் போய்விட்டான். அவளுக்கு வயிற்றில் அடுத்தது. ஆடி ஆவணியில் நாற்று நட அவள் கை இல்லாவிட்டால் வருஷம் முழுக்க அரிசி இல்லை, அதே மாதங்களில்தான் பழைய நெல் தீர்ந்திருக்கும், மலேரியாவும் வயிற்றுப்போக்கும் வந்திருக்கும். குழந்தையை ஏழு வயது அக்காவிடம் விட்டுவிட்டுப் போவாள். அந்த அக்கா கஞ்சித் தண்ணீர் கொடுத்துத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க அலைவாள். இதில் யாரைக் கவனமில்லாதவள் என்று சொல்வது? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் ஜார்கண்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 9.1 சதவீதம் பேர் கடுமையாக மெலிந்தவர்கள், நாடு முழுக்க 7.7. இத்தனை ஆயிரம் தாய்மார்களும் சொல்லிவைத்தாற்போல் கவனமில்லாமல் போயிருக்க மாட்டார்கள்.

சூடு போடுகிறார்களாமே? திட்டமாட்டீர்களா?

உண்மைதான். தை மாதம் மகர சங்கராந்திக்கு மறுநாள், வயிற்று நோய் வராது என்ற நம்பிக்கையில் குழந்தையின் தொப்புளைச் சுற்றிக் காய்ச்சிய கம்பியால் சூடு வைக்கும் வழக்கம் இங்கே உண்டு, சிடுதாக் என்பார்கள். புண்ணோடு வருவார்கள். முதலில் நான் கத்தியிருக்கிறேன். கத்தினால் அந்த அம்மா அடுத்த தடவை வரமாட்டாள், அவ்வளவுதான் நடக்கும். நம் பக்கமும் மாந்தத்துக்குச் சூடு போட்ட தழும்போடு எத்தனை பெரியவர்கள் இருக்கிறார்கள். இப்போது புண்ணுக்கு மருந்து போட்டுவிட்டு, பேச்சைப் பதினைந்து நாள் கழித்து, பிள்ளை சிரிக்கத் தொடங்கிய பிறகு எடுக்கிறேன். அப்போது காது கொடுப்பாள்.

ஜெபம் பண்ணினால்தான் சிகிச்சையா? மதம் மாற்றுகிறீர்களா?

இரண்டும் இல்லை. காலை ஆறரைக்கு நாங்கள் ஊழியர்கள் தாழ்வாரத்தில் கூடிப் பாடி ஜெபித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறோம். வர விருப்பமுள்ள அம்மாக்கள் வந்து உட்காருவார்கள், மற்றவர்கள் பல் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். சேர்க்கும் சீட்டில் மதம் கேட்பதில்லை. இங்கே பெரும்பாலோர் சர்னா வழிபாட்டுக்காரர்கள் (இயற்கையை வணங்கும் பழங்குடி மதம்), சிலர் கட்டில் காலில் தங்கள் பூசாரி கொடுத்த வேரைக் கட்டியிருப்பார்கள், அதை நாங்கள் தொடுவதில்லை. ஆசை காட்டி மதம் மாற்றுவதைத் தடுக்கும் சட்டம் 2017இல் ஜார்கண்டில் வந்தது, ஆனால் சட்டம் வருவதற்கு முன்னும் எங்கள் மூத்த டாக்டர் இதையேதான் சொல்லிவந்தார்: பிள்ளை சாகக் கிடக்கும்போது ஒரு தாய் எதற்கும் தலையாட்டுவாள், அந்த நேரத்தில் அவளிடம் எதையும் கேட்கக் கூடாது. நான் விசுவாசிக்கிறவள், அதை மறைக்கவும் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்திருக்க எனக்கு அந்த விசுவாசம் வேண்டியிருக்கிறது. அவளுக்கு வேண்டியது பால்.

சில அம்மாக்கள் "என் பிள்ளைக்காக வேண்டிக்கொள் தீதி (அக்கா)" என்று தாங்களாகவே கேட்பார்கள். கேட்டால் பக்கத்தில் உட்கார்ந்து வேண்டிக்கொள்வேன்.

பணம்?

குழந்தைக்கு இலவசம், அம்மாவுக்குச் சாப்பாடும் இலவசம். நன்கொடை, மற்ற நோயாளிகளின் கட்டணம், சபைகள் அனுப்புவது, இப்படி ஓடுகிறது. மார்ச் மாதம் எப்போதும் நெருக்கடி.

அம்மாக்கள் பாதியில் போய்விடுவார்களாமே?

போவார்கள். குறைந்தது பதினான்கு நாள் என்பது கணக்கு. வீட்டில் இன்னும் மூன்று பிள்ளைகளும் ஒரு ஜோடி மாடும் இருக்கிறவளுக்கு அது யுகம். அரசு மையங்களில் கூலி இழப்புக்கு ஒரு தொகை கொடுக்கிறார்கள், நல்ல ஏற்பாடு. எங்களால் பணம் கொடுக்க முடியவில்லை, மூத்த பிள்ளைகளையும் கூடவே தங்க விடுகிறோம். நாற்று நடும் சமயத்திலும் மாகே பண்டிகைக்கும் தடுத்தே பயனில்லை, அப்போது மருந்தையும் மாவையும் கொடுத்து, தேதி சொல்லி, சஹியாவிடம் சொல்லி அனுப்பிவிடுவோம். கோபித்துக்கொண்டு கையெழுத்து வாங்கி அனுப்பிய காலத்தில் பாதிப் பேர் திரும்பவில்லை. இப்போது நிறையப் பேர் வருகிறார்கள். ஒழுங்காக வீட்டுக்குப் போனவர்களும் பதினைந்து நாளுக்கு ஒரு தடவையாக நான்கு முறை காட்ட வர வேண்டும்.

விளையாட்டுச் சாமான் எதற்கு ஆஸ்பத்திரியில்?

பத்துப் படிகளில் ஒன்பதாவது அது. ஜமைக்காவில் சாலி கிரந்தம்-மெக்ரிகரும் கூட இருந்தவர்களும் செய்த ஆய்வுகளில், உணவோடு விளையாட்டும் பேச்சும் கிடைத்த குழந்தைகள் அறிவு வளர்ச்சியில் நன்றாக முன்னேறினார்கள். எங்கள் சாமான் என்றால் கூழாங்கல் போட்ட பிளாஸ்டிக் டப்பா, துணிப் பொம்மை, சால மரக் கொட்டை. குழந்தை எப்போது டப்பாவைத் திருப்பித் தள்ளுகிறதோ அப்போது எங்களுக்குத் தைரியம் வரும். ரத்தப் பரிசோதனைக்கு முன்னாலேயே அது சொல்லிவிடும்.

பால்பொடி, ஹார்லிக்ஸ், பிஸ்கட் அனுப்பட்டுமா?

அனுப்ப வேண்டாம், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். குழந்தைப் பால்பொடியை இலவசமாக விநியோகிப்பதை 1992ஆம் வருடச் சட்டம் கட்டுப்படுத்துகிறது, காரணத்தோடுதான். ஒரு டப்பா தீர்ந்ததும் அடுத்த டப்பா வாங்கக் காசில்லை, அதற்குள் தாய்ப்பால் வற்றியிருக்கும்.

தமிழ்நாட்டில் இதெல்லாம் இல்லைதானே?

இருக்கிறது. முன்னே சொன்ன அதே தேசியக் குடும்ப நல ஆய்வில் நம் மாநிலத்திலும் கடுமையாக மெலிந்த குழந்தைகள் 5.5 சதவீதம். 2022இல் 'ஊட்டச்சத்தை உறுதிசெய்' என்று அரசு ஒரு திட்டமே தொடங்கியது. உங்கள் தெரு அங்கன்வாடியில் கடைசியாக எப்போது எடை பார்த்தார்கள் என்று ஒரு நாள் போய்க் கேட்டுப் பாருங்கள்.

நர்ஸிங் முடித்திருக்கிறேன், வரலாமா?

வாருங்கள். இந்தி கொஞ்சம் போதும், ஹோ மொழி அம்மாக்களே கற்றுக்கொடுப்பார்கள். கணக்குச் சரியாகப் போடத் தெரிய வேண்டும், ஒரு தசமப் புள்ளி மாறினால் குழந்தைக்கு ஆபத்து. முதல் மாதத்தில் ஒரு குழந்தையாவது கைக்குள்ளேயே போய்விடலாம். அன்றைக்கு வேலையை விட்டுப் போய்விட வேண்டும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அடுத்த கட்டிலில் அடுத்த குழந்தைக்குப் பால் நேரம் ஆகியிருந்தது, போய்க் கொடுத்தேன்.

வேறு எதுவுமே அனுப்பக் கூடாதா?

கம்பளித் தொப்பி. மெலிந்த குழந்தைக்குத் தலை வழியாகவும் நிறையச் சூடு போகும், ஜனவரியில் இங்கே குளிர் அதிகம். கையால் பின்னத் தெரிந்த அத்தை, சித்தி யாராவது இருந்தால் சொல்லுங்கள். தலைச் சுற்றளவு 40 முதல் 46 சென்டிமீட்டர், காது மூட வேண்டும், குஞ்சம், பட்டன் வேண்டாம், வாயில் போட்டுவிடும். வெந்நீரில் துவைத்தாலும் சுருங்காத நூலாக இருக்கட்டும். வீட்டுக்குப் போகும்போது தொப்பி குழந்தையோடேயே போய்விடும், அதனால் எத்தனை அனுப்பினாலும் எங்களுக்குக் காணாது.